அல்டூனாவின் குடியேறிக் குடும்பங்கள்: நினைவுகளையும் ஆவணங்களையும் காப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலெகேனி மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் அல்டூனா நகரம் இருக்கிறது. மலையேறும் ரயில்களுக்கு எஞ்சின் சேர்க்கவும் பழுது பார்க்கவும் ஓரிடம் தேவைப்பட்டதால், பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனி 1849இல் அந்த ஊரைத் தோற்றுவித்தது. ஊருக்கு மேற்கே மலையைச் சுற்றிச் செல்லும், லாட வளைவு என்ற புகழ்பெற்ற ரயில்பாதை 1854 பிப்ரவரி 15 அன்று திறக்கப்பட்டது. மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு அந்தத் தடத்தை வெட்டியவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ் குடியேறிகள். பிறகு ஜெர்மானியரும் இத்தாலியரும் போலந்துக்காரரும் ஸ்லாவிய இனத்தார் பலரும் அங்கே வேலை தேடி வந்தார்கள். 1920களில் அந்த ஊரின் ரயில் பணிமனைகளில் ஏறத்தாழ 17,000 பேர் வேலை பார்த்தார்கள். 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 82,054ஆக இருந்த மக்கள்தொகை, 2020இல் 43,963ஆகக் குறைந்திருந்தது. வேலை போனதும் பிள்ளைகள் வெளியூர்களுக்குப் போனார்கள். தாத்தா பாட்டியின் பொருள்கள் பரணிலும் நிலவறையிலும் தங்கிவிட்டன.

இப்படிப்பட்ட ஊரில் கம்பெனிதான் பெரிய எழுத்தர். தொழிலாளியின் பெயர், வேலை, சேர்ந்த நாள், கூலி ஆகியவற்றை அது எழுதி வைத்தது. அவருடைய மனைவி, வாடகைக்குத் தங்கியிருந்த ஆறு ஆண்களுக்கு நாள்தோறும் சமைத்துப் போட்டுத் துணியும் துவைத்துக் கொடுத்ததால்தான் வீட்டுக் கடன் அடைந்தது என்பதை எந்த எழுத்தரும் எழுதவில்லை. அதை அறிந்தவர்கள் இன்று எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியின் படிகள் ஒரே ஒரு விதியைப் பின்பற்றி வரிசைப்படுத்தப்பட்டுள்ளன: எது முதலில் அழியுமோ அதை முதலில் காக்க வேண்டும். முதலில் போவது குரல். அடுத்து, படத்தில் இருப்பவர் யார் என்ற அறிவு. அதற்கடுத்து ஒலிநாடாவும் ஃபிலிமும்; அவற்றைப் பற்றி ஆறாம், ஏழாம் படிகளில்தான் சொல்லியிருந்தாலும், அதுவரை அவற்றைக் காத்திருக்க வைக்காதீர்கள். அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கும் காகிதம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கணினி முன் அமர்ந்து கப்பல் பட்டியலில் கொள்ளுத்தாத்தாவைத் தேடிக்கொண்டிருக்கும் ஆறு மாதத்தில், அவரை நேரில் பார்த்திருந்த கடைசி ஆளும் போய்விடுகிறார்.

முதல் படி: மூத்தவர்களின் குரலைப் பதிவு செய்தல்

குடும்பத்தில் உயிரோடு இருக்கும் மூத்தவர்களின் பெயர்களை வயது வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். வயதில் மூத்தவரைவிட நினைவு மங்கத் தொடங்கியிருப்பவரிடம் முதலில் போக வேண்டியிருக்கலாம். பணிமனையில் வேலை பார்த்த ஆண்களை மட்டும் பட்டியலில் சேர்ப்பது பொதுவாக நேரும் தவறு. வீட்டை நடத்திய பெண்களும், பத்து வயதில் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோன பிள்ளைகளும் ஊரை வேறு கோணத்தில் பார்த்தவர்கள்.

பதிவுக்கு முன் சம்மதம் பெறுவது மரியாதை மட்டுமன்று, அங்கே சட்டமும்கூட. உரையாடலில் கலந்துகொள்ளும் அனைவரின் சம்மதமும் இல்லாமல் ஒலிப்பதிவு செய்வதற்குப் பென்சில்வேனியாவில் தடை உள்ளது; ஆகவே ‘பாட்டிக்குத் தெரியாமல் போனை மேசையில் வைத்துவிடுவோம்’ என்ற யோசனையைக் கைவிட வேண்டும். பதிவு தொடங்கியதும் தேதி, இடம், பேசுபவரின் முழுப்பெயர், கேட்பவரின் பெயர், பதிவுக்குச் சம்மதம் என்ற சொல் ஆகியவை அவர்கள் வாயாலேயே பதிவாகட்டும். அந்தப் பதிவைக் குடும்பத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாமா, காப்பகத்துக்குக் கொடுக்கலாமா, இணையத்தில் ஏற்றலாமா என்பதைத் தனியாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இவை மூன்றும் வெவ்வேறு அனுமதிகள்.

கருவியைப் பொறுத்தவரை, சுருக்காத வேவ் வடிவத்தில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதியும் சிறிய ரெக்கார்டர் ஒன்று போதும். அது இல்லாவிட்டால் கைப்பேசியே போதும். ஆனால் விமான நிலைக்கு மாற்றிவிட்டுப் பதியுங்கள். ஒருமுறை ஒரு முதியவர் தம் அப்பாவின் மரணத்தைச் சொல்லத் தொடங்கிய நிமிடத்தில் என் கைப்பேசிக்கு அழைப்பு வந்து பதிவு நின்றுபோனது. இரண்டாம் முறை அவர் அதை இரண்டே வாக்கியங்களில் முடித்துவிட்டார். பேசுபவரிடமிருந்து ஓரடி தூரத்தில் கருவியை வையுங்கள். சமையலறையில் பேசினால் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் பதிவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் யாரையும் உட்கார வைக்காதீர்கள். மறுநாள் வருவதாகச் சொல்லி எழுந்துவிடுங்கள். இரவெல்லாம் நினைவு ஊறும் என்பதால் இரண்டாம் நாள் பேச்சே பெரும்பாலும் சிறப்பாக அமைகிறது.

கேள்விகளில்தான் எல்லாம் இருக்கிறது. ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘கஷ்டம்தான், ஆனால் சந்தோஷமாக இருந்தோம்’ என்ற பதிலே எந்த வீட்டிலும் வரும். சிறிய, கையால் தொடக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். பணிமனைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதும், ஊதியதும் வீட்டில் யார் என்ன செய்வார்கள்? சம்பள உறை முதலில் யார் கைக்குப் போகும், யார் பிரிப்பார்கள்? துவைத்த துணியைக் கொடியில் போட்டால் எஞ்சின் கரி படியாமல் இருக்க என்ன செய்வீர்கள்? வீட்டில் எந்த மொழியில் திட்டுவார்கள், எந்த மொழியில் ஜெபம் சொல்வார்கள்? வாடகைக்குத் தங்கியவர்கள் எந்த அறையில் படுத்தார்கள், பகல் ஷிப்டு ஆளும் இரவு ஷிப்டு ஆளும் ஒரே கட்டிலைப் பகிர்ந்துகொண்டார்களா? இத்தகைய கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வந்தாலும், அதைத் தொடர்ந்து ஒரு கதை வரும். பதில் வந்தபின் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் ஐந்து விநாடி பேசாமல் இருங்கள்.

தாய்மொழியில் பேசத் தெரிந்தவரை அந்த மொழியிலேயே பேசவிடுங்கள், உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. கலப்ரியாவிலிருந்தோ சிசிலியிலிருந்தோ வந்தவர்களின் வீட்டுப் பேச்சு, இன்றைய பாடப்புத்தக இத்தாலியன் அன்று. அல்டூனா வீடுகளில் அது ரயில் சொற்களோடு கலந்து வேறொரு வடிவம் எடுத்திருக்கக்கூடும். மொழிபெயர்க்க ஆள் பின்னால் கிடைப்பார், அந்தப் பேச்சு மறுபடி கிடைக்காது.

சில கதவுகளை மெதுவாகத் தட்ட வேண்டும். 1922 ஜூலை 1 அன்று அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 4,00,000 ரயில் பணிமனைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அத்தகைய போராட்டத்தில் ஒரே குடும்பத்தில் அண்ணன் வெளியே நின்று தம்பி உள்ளே போயிருந்தால், அந்தப் பகை இரண்டு தலைமுறைக்கு நீடிக்கும். நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தபோது நேர்ந்த ஆட்குறைப்பும், 1968இல் போட்டிக் கம்பெனியோடு இணைந்து பென் சென்ட்ரல் ஆன நிறுவனம் 1970 ஜூனில் திவாலானதும் அவ்வாறே பல வீடுகளில் பேசப்படாத விஷயங்கள். அவற்றைக் கடைசியில் கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பேச்சு முடிந்த அன்றே, எந்த நிமிடத்தில் எதைப் பற்றிப் பேசினார் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். அச்சொட்டாக முழுவதையும் எழுத்தாக்குவது நல்லதுதான். ஆனால் ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும் என்பதால் பலர் அதைத் தள்ளிப்போட்டு, கடைசியில் குறிப்பும் இல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: படத்தில் இருப்பவர் யார்?

அதே மூத்தவரிடம் அடுத்த முறை போகும்போது புகைப்படங்களை எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை உரக்கச் சொல்லிவிட்டு, அவர் சொல்வதை ஒலிப்பதிவில் பிடிக்க வேண்டும். ‘இடப்பக்கம் இரண்டாவதாக நிற்பவர் என் சித்தப்பா’ என்று அவர் சொல்லும்போது, எந்தப் படம் என்பது பதிவில் இல்லாவிட்டால் அந்தச் சொல்லால் யாருக்கும் பயனில்லை.

பணிமனைக் குழுப் படங்கள் இங்கே தனிக் கவனத்துக்குரியவை. முப்பது, நாற்பது பேர் எஞ்சின் முன் நிற்பார்கள். முன் வரிசையில் ஒருவர் சிலேட்டுப் பலகையில் பிரிவின் பெயரையும் தேதியையும் எழுதிப் பிடித்திருப்பார். அந்தப் பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்னணியில் தெரியும் எஞ்சினின் எண் படத்தின் காலத்தைக் கணிக்க உதவும். சில வேளைகளில் உங்கள் தாத்தாவின் பக்கத்தில் நிற்கும் ஆள், மூன்று தெரு தள்ளியிருக்கும் வேறொரு குடும்பம் படமே இல்லாமல் தேடிக்கொண்டிருக்கும் ஆளாக இருப்பார்.

படத்தின் பின்புறம் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும். வழவழப்பான புதிய வகைத் தாளில் பென்சில் பிடிக்காது என்பதால், அதை உறையில் போட்டு உறையின்மேல் எழுதுவதே நல்லது. ‘அம்மா’, ‘பாட்டி’ என்று எழுதாதீர்கள். யாருடைய அம்மா என்பது ஐம்பது ஆண்டுகளில் தெரியாமல் போகும். முழுப்பெயர் எழுதுங்கள்.

மூன்றாம் படி: பொருள்களைப் படித்தல்

சட்டைப்பைக் கடிகாரம், பித்தளை டோக்கன், கை விளக்கு, சாப்பாட்டுத் தூக்கு, சங்கச் சந்தா அட்டை, ஜெபமாலை, ஊரிலிருந்து கொண்டுவந்த மேசை விரிப்பு ஆகியவற்றில் எதையும் துடைத்துப் பளபளப்பாக்காதீர்கள். பித்தளையைப் பாலிஷ் செய்தால் அதன்மேல் பொறித்த எண் தேயும், ஒருவர் கையில் நாற்பதாண்டுகள் இருந்ததன் அடையாளமும் போகும்.

கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். 1891 ஏப்ரலில் ஓஹாயோ மாநிலத்தின் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதிய விபத்துக்குப் பிறகு, ரயில் ஊழியர்களின் கடிகாரங்களுக்குக் கடுமையான தர விதிகள் வந்தன. குறிப்பிட்ட கால இடைவெளியில் அவற்றைச் சோதித்து அட்டையில் குறிப்பதும் வழக்கமாயிற்று. பொதுவாக இந்த விதி ஓடும் ரயிலில் வேலை செய்தவர்களுக்கே பொருந்தும். பணிமனைக்குள் இரும்பு அடித்தவருக்கு அது தேவைப்படவில்லை. ஆகவே குடும்பத்தில் கிடைத்திருப்பது அத்தகைய கடிகாரமாக இருந்தால், தாத்தா பட்டறை ஆளா, ஓடும் ரயிலில் பிரேக்குகளைக் கவனித்த பிரேக்மேனா என்ற கேள்விக்கு அது ஒரு துப்பு. கடிகாரத்தின் பின்மூடியைத் தெரிந்தவரைக் கொண்டு திறந்தால் உள்ளே இயந்திரத்தின்மேல் வரிசை எண் இருக்கும். அதைக் கொண்டு தயாரிக்கப்பட்ட ஆண்டை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். அவர் வேலையில் சேர்ந்த ஆண்டுக்குப் பிந்தைய கடிகாரம் என்றால், அது பதவி உயர்வின்போது வாங்கியதா, இன்னொருவரிடமிருந்து வந்ததா என்று மூத்தவரிடம் கேட்கலாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள்: இது என்ன, யாருடையது, எங்கே இருந்தது, யார் யாரிடம் வந்தது, இதைச் சொன்னவர் யார், என்றைக்குச் சொன்னார். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் முரண் வரும்போது அவைதான் கைகொடுக்கும்.

நான்காம் படி: பெயரையும் ஊரையும் கண்டுபிடித்தல்

இப்போதுதான் காகிதத்துக்கு வர வேண்டும். ‘எல்லிஸ் தீவில் அதிகாரிகள் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்’ என்று சொல்லாத குடும்பம் இல்லை. நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த நிலையம் அது. அங்கிருந்த அதிகாரிகள் பெயர்களைப் புதிதாக எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் கம்பெனி தயாரித்த பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பெரும்பாலும் பிறகு, பணிமனை மேற்பார்வையாளரின் உச்சரிப்பிலும் பள்ளி ஆசிரியையின் பதிவேட்டிலும் குடும்பத்தின் சொந்த விருப்பத்திலும். எனவே ஒரு தாளில் பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வடிவத்திலும் தேடுங்கள். எல்லிஸ் தீவு நிலையம் 1892 ஜனவரி 1 அன்றுதான் திறந்தது. அதற்கு முன் வந்தவர்கள் நியூயார்க்கின் முந்தைய நிலையமான காசில் கார்டன் வழியாக வந்திருக்கலாம். பிலடெல்பியாவிலோ பால்டிமோரிலோ இறங்கியவர்களும் உண்டு.

கப்பல் பட்டியலைப் பெயர் வரியோடு நிறுத்தாமல் கடைசிக் கட்டம்வரை படியுங்கள். யாரிடம் போகிறார், என்ன முகவரி, பயணச் செலவைக் கொடுத்தது யார் என்ற கட்டங்கள் 1890களிலிருந்தே உண்டு. 1907 வாக்கில் பிறந்த ஊரும், சொந்த நாட்டில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் சேர்ந்தன. ஒரே பக்கத்தில் ஐந்து இளைஞர்கள் அல்டூனாவின் ஒரே தெருவின் ஒரே கதவு எண்ணைக் கொடுத்திருந்தால், அந்த வீடுதான் அக்கிராமத்தின் அமெரிக்கக் கிளை. அந்த வீட்டுக்காரியின் பெயரைக் கண்டுபிடிப்பது அடுத்த வேலை. பட்டியலில் ‘ஆஸ்திரியா’ என்றோ ‘ஹங்கேரி’ என்றோ இருப்பது குடியுரிமையை மட்டும் குறிக்கும். 1899 முதல் இனத்துக்கென்று வேறொரு கட்டம் இருப்பதால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகளுக்குப் பிறகே பொதுமக்களுக்குத் திறக்கப்படும். அந்த விதிப்படி 1950ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளிவந்தன. குடியேறிக் குடும்பங்களுக்கு 1900 முதல் 1930 வரையிலான நான்கும் மிகவும் பயனுள்ளவை: வந்த ஆண்டு, குடியுரிமை பெற்ற நிலை ஆகியவை அவற்றில் உண்டு, 1920இல் குடியுரிமை பெற்ற ஆண்டும் கேட்கப்பட்டது. தாய்மொழி 1910 முதல் எழுதப்பட்டது. 1890ஆம் ஆண்டுத் தாள்களில் பெரும்பகுதி 1921இல் நேர்ந்த தீவிபத்தால் அழிந்தன. அந்த இடைவெளியை நகர விவரத் திரட்டுகளைக் கொண்டு நிரப்ப வேண்டும். ஆண்டுதோறும் வந்த அந்தத் திரட்டுகளில் பெயருக்கு எதிரே வேலையும் முகவரியும் இருக்கும். பத்து ஆண்டுத் திரட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், கூலியாள் எப்போது உதவியாளர் ஆனார், எப்போது கொதிகலன் கைவினைஞர் ஆனார் என்பது ஒரு கோடாகத் தெரியும். தெருவில் வீடு எப்படி இருந்தது, மரமா செங்கல்லா என்பதைச் சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் காட்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவற்றில் பலவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது.

குடியுரிமை ஆவணங்களில் 1906 செப்டம்பர் 27 ஒரு பிரிகோடு. அதற்கு முந்தையவை எந்த நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் இருக்கும். அல்டூனா அடங்கிய பிளேர் மாவட்டத்துக்குத் தலைமையிடம் ஹாலிடேஸ்பர்க் என்பதால் அங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் முதலில் தேடலாம். அவற்றில் பெயரும் நாடும் தவிர அதிகம் இராது. பிந்தைய மனுக்களில் பிறந்த ஊர், மனைவி மக்கள், வந்த கப்பல் எல்லாம் உண்டு. அன்றிலிருந்து 1956 மார்ச் வரையிலான குடியுரிமைக் கோப்புகளின் நகல்களை மத்தியக் குடியேற்றத் துறையின் வம்சாவளிப் பிரிவிடம் கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறலாம். 1940 ஆகஸ்ட் முதல் 1944 மார்ச் வரை வெளிநாட்டவர் அளித்த பதிவுப் படிவங்களும் அங்கே கிடைக்கும். குடியுரிமையே பெறாமல் இறந்துபோன பாட்டிகளுக்கு அது பெரும்பாலும் ஒரே ஆவணம்.

பெண்களின் பெயரில் ஆவணம் குறைவாகத்தான் இருக்கும். 1922 செப்டம்பர் 22 அன்று கேபிள் சட்டம் வரும்வரை மனைவியின் குடியுரிமை கணவருடையதைத் தொடர்ந்தே அமைந்ததால், அவளுக்கென்று தனி மனு இல்லை. அவளைத் திருமண உரிமப் பதிவிலும் (பென்சில்வேனியாவில் 1885 அக்டோபர் முதல் மாவட்ட அளவில்), பிள்ளைகளின் இறப்புச் சான்றிலும், பங்கு ஆலயப் (அவள் சேர்ந்திருந்த உள்ளூர்த் தேவாலயத்தின்) பதிவேட்டிலும் தேட வேண்டும். அல்டூனாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1901இல் கத்தோலிக்க மறைமாவட்டம் அமைந்தது. இத்தாலியருக்கு ஒன்று, ஜெர்மானியருக்கு ஒன்று என மொழிவாரியாகப் பங்குகள் இருந்ததால், எந்த ஆலயம் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில் பின்னாளில் நடந்த திருமணத்தின் இடமும் நாளும் குறிக்கப்பட்டிருக்கலாம். நகல் கேட்கும்போது ஓரக்குறிப்பையும் சேர்த்துத் தருமாறு எழுதுங்கள்.

பிறந்த ஊரின் பெயர் எங்குமே கிடைக்காவிட்டால், போர்க்காலத்தில் ராணுவச் சேவைக்காக ஆண்களிடம் எடுத்த படைப்பதிவு அட்டைகளைப் பாருங்கள். 1917 ஜூன் 5 பதிவில் பிறந்த ஊர் கேட்கப்பட்டது. 1918 செப்டம்பர் பதிவில் கேட்கப்படவில்லை. 1942 ஏப்ரலில் 45 வயது முதல் 64 வயது வரையுள்ள ஆண்களிடம் எடுத்த பதிவில் மறுபடி பிறந்த ஊர் கேட்கப்பட்டது. முதல் உலகப் போர்க்கால அட்டைகளிலும் 1942 அட்டையிலும் முதலாளியின் பெயர் இருக்கும்.

ஊர் தெரிந்தால் கடலைத் தாண்டலாம். இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் அன்டெனாட்டி தளத்தில் குடிமைப் பதிவேடுகளை இலவசமாகப் பார்க்கலாம். ரஷ்யப் பேரரசின் கீழிருந்த போலந்துப் பகுதிகளில் 1868க்குப் பிந்தைய பதிவுகள் ரஷ்ய எழுத்தில் இருக்கும். ஸ்லோவாக்கியக் கிராமங்களுக்கு 1918 வரை அரசுப் பெயர் ஹங்கேரிய மொழியில் இருந்தது; ஒரே கிராமத்தை இரண்டாகக் கருதிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: ரயில் ஆவணங்கள்

பென்சில்வேனியா ரயில்ரோடின் ஆவணங்கள் ஒரே இடத்தில் இல்லை. கம்பெனி திவாலான பின் அவை பல காப்பகங்களுக்குப் பிரிந்து போயின. ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகமும் டெலாவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் உள்ள ஹாக்லி நூலகமும் பெரும் தொகுதிகளை வைத்திருக்கின்றன. ஆனால் தனித் தொழிலாளியின் கோப்பு அங்கே கட்டாயம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

அதைவிட நம்பகமான வழி ஓய்வூதியக் கோப்பு. 1936க்குப் பிறகும் ரயிலில் வேலை பார்த்தவர் என்றால், ரயில்ரோடு ஓய்வூதிய வாரியத்தில் அவருக்குக் கோப்பு இருந்திருக்கலாம். முடிந்துபோன பழைய கோப்புகள் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளைக்கு மாற்றப்பட்டுள்ளன. இறப்புச் சான்றிலோ பழைய அட்டையிலோ உள்ள சமூகப் பாதுகாப்பு எண்ணைப் பாருங்கள்: 1963 ஜூலைக்கு முன் ரயில் ஊழியர்களுக்கு 700 முதல் 728 வரையிலான முன்னெண்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. வயதை நிரூபிக்க அவர் அனுப்பிய ஊர் ஆலயச் சான்றின் நகல்கூட அந்தக் கோப்பில் இருக்கக்கூடும்.

ஆறாம் படி: வீட்டிலேயே பாதுகாத்தல்

பரணும் நிலவறையும் ஆகாது. ஒன்று வெயிலில் வேகும், மற்றது ஈரம் பிடிக்கும். மனிதர் வசிக்கும் தளத்தில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியே சிறந்தது. ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ரப்பர் வளையம், ஊக்கு, செலோடேப் மூன்றையும் உடனே எடுத்துவிடுங்கள். டேப் ஒட்டிக்கொண்டு வந்தால் பிய்க்காமல் நிறுத்திவிடுங்கள். அமிலமற்ற உறைகளும் பெட்டிகளும் போதும். பிவிசி பிளாஸ்டிக்கைத் தவிர்த்துப் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறைகளை வாங்குங்கள். செய்தித்தாள் நறுக்குகளைப் படங்களோடு சேர்த்து வைத்தால் அவற்றின் அமிலம் படத்துக்கு ஏறும்.

பசைப்பக்கத்தின்மேல் பிளாஸ்டிக் தாள் மூடும் ஆல்பங்கள் 1970களில் வீட்டுக்கு வீடு வந்தன. அவையே படங்களுக்குப் பெரும் பகை. படத்தை நகத்தால் நெம்பாதீர்கள். மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் இடையே மூலையிலிருந்து நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல மெல்ல இழுத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் கழன்றுவிடும். வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். பழைய நெகடிவ்களில் புளித்த காடி வாசனை வந்தால் அது சிதையும் அசிடேட் ஃபிலிம். மற்றவற்றிலிருந்து பிரித்து முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள். 1950களுக்கு முந்தைய ஃபிலிம் நைட்ரேட் வகையாக இருக்கலாம், அது எளிதில் தீப்பற்றும்; தெரிந்தவரிடம் காட்டும்வரை வெப்பத்துக்கு அருகில் வைக்கக் கூடாது. பின்னல் விரிப்பு, ஞானஸ்நான உடை போன்ற துணிகளை மடிக்காமல் அமிலமற்ற தாளோடு சுருட்டி வையுங்கள்.

ஏழாம் படி: மின்வடிவில் சேமித்தல்

அச்சுப் படங்களை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்து, பகிர்வதற்கு அதிலிருந்து ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறத்தில் எழுத்து இருந்தால் அதுவும் ஒரு கோப்பு. கோப்பின் பெயரில் ஆண்டு, குடும்பப்பெயர், இரண்டாம் படியில் கொடுத்த எண் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்ற பழைய விதி இன்றும் செல்லும். முகநூலில் ஏற்றியது பிரதியாகாது. அது படத்தைச் சுருக்கிவிடும். கேசட்டுகளையும் விஎச்எஸ் நாடாக்களையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நாடாவும் தேய்கிறது, அதை ஓட்டும் கருவியும் அரிதாகிறது.

எட்டாம் படி: பொது இடத்துக்கு ஒப்படைத்தல்

எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைத்திருப்பது ஆபத்து; எல்லாவற்றையும் ஒரே நிறுவனத்துக்குக் கொடுப்பதும் எப்போதும் சரியாகாது. பணிமனைக் கருவிகளும் வேலை ஆவணங்களும் பழைய தலைமை மெக்கானிக் கட்டடத்தில் இயங்கும் ரயில் தொழிலாளர் நினைவு அருங்காட்சியகத்துக்குப் பொருந்தும். குடும்பக் கடிதங்களும் வம்சாவளித் தாள்களும் பேக்கர் மாளிகையில் உள்ள பிளேர் மாவட்ட வரலாற்றுச் சங்கத்துக்கோ, மாவட்ட வம்சாவளிச் சங்கத்துக்கோ பொருந்தும். தாய்மொழியில் எழுதிய சங்கக் குறிப்பேடு, உறுப்பினர்கள் பணம் சேர்த்து ஒருவருக்கொருவர் உதவிய நன்மை நிதிச் சங்கத்தின் கணக்கு போன்றவற்றுக்கு 1965 முதல் இயங்கும் மின்னசோட்டா பல்கலைக்கழகக் குடியேற்ற வரலாற்றுக் காப்பகம் தகுந்த இடம். முதலில் கடிதம் எழுதி, என்ன இருக்கிறது என்று ஒரு பக்கப் பட்டியலை அனுப்புங்கள்; பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் ஏமாற்றம்.

நன்கொடைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அவர்கள் தேவையற்றதை விற்கவோ அகற்றவோ நேர்ந்தால் குடும்பத்துக்கு முதலில் சொல்வார்களா? பதிப்புரிமையும் சேர்ந்து போகிறதா? கடிதம் உங்கள் கையில் இருந்தாலும் அதன் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கும் உரியது. வெளியிடப்படாத எழுத்துக்கு அது பொதுவாக எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். அசலைக் கொடுக்க மனமில்லையென்றால் ஸ்கேன் பிரதியையும் ஒலிப்பதிவையும் மட்டும் கொடுப்பதைப் பல நிறுவனங்கள் ஏற்கின்றன, தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் மீந்திருக்கும் பெட்டியின் மூடிக்கு உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள்: உள்ளே இருப்பது என்ன, ஸ்கேன் பிரதிகள் யார் யாரிடம் இருக்கின்றன, அசல்கள் எந்த நிறுவனத்துக்குப் போயின, இதைப் பற்றிக் கேட்க வேண்டியவர் யார், கடைசியாகக் கோப்புகளைத் திறந்து பார்த்த தேதி எது. அந்தத் தேதியை ஆண்டுக்கொரு முறை மாற்றி எழுதுங்கள்.